மலை வீட்டில் நலம்

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று கொஞ்சம் குட்டை. ஒரு அட்டையை நான்காக மடித்து அடியில் செருகினால் ஆடாது. உட்கார்ந்த உடனேயே கவனித்தேன். வந்ததும் வராததுமாகக் குறை சொல்கிற ஆள் என்று நினைப்பீர்களே என்று விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். தட்டச்சு செய்யும் அந்தப் பெண்ணுக்காக நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன். எழுத்து வேலையின் சிரமம் எனக்குத் தெரியும். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் எழுத்தராக இருந்து, போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். ஒரு குழந்தை எத்தனை மணிக்குப் பிறந்தது, ஒரு மனிதர் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தார் என்பதெல்லாம் இந்த நகரத்தில் பாதிப் பேருக்கு என் கையெழுத்தில்தான் இருக்கிறது. அதில் ஒரு நேரத்தைக்கூட நான் அடித்துத் திருத்தியதில்லை.

அமெச்சூர் வானொலிக்கு வந்ததற்கும் இந்தக் குணம்தான் காரணம் என்று நினைக்கிறேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஒரு பெட்டி, ஒரு கம்பி, கொர்ரென்று ஒரு இரைச்சல். உண்மையில் அது ஒரு நோட்டு. தேர்வு எழுதி உரிமம் வாங்கினால் உங்களுக்கென்று ஓர் அழைப்புக் குறி தருவார்கள். அதற்குப் பிறகு யாரோடு பேசினாலும் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எதிராளியின் சத்தம் எவ்வளவு தெளிவு, எவ்வளவு வலிமை என்று நோட்டில் எழுத வேண்டும். தெளிவுக்கு ஐந்து வரை, வலிமைக்கு ஒன்பது வரை மதிப்பெண். எனக்கு அந்தக் கட்டங்கள் பிடித்திருந்தன.

என்னை இதில் இழுத்துவிட்டவர் மச்சான். என் மனைவியின் அண்ணன். கைக்கடிகாரம், சுவர்க்கடிகாரம் பழுது பார்ப்பவர். மலைமேல் ஒரு கல் வீட்டில் தனியாக இருந்தார். கீழே நகரத்தில் மின்சார இரைச்சல் அதிகம், மேலே காற்று சுத்தம் என்பார். வெள்ளிக்கிழமைதோறும் சரிசெய்த கடிகாரங்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு இறங்கி வருவார், எங்கள் வீட்டில் சாப்பிடுவார், சாயங்காலம் ஏறிவிடுவார்.

அவருக்குப் பேச்சு திக்கும். கடையில் ஒரு பொருள் கேட்பதற்குள் பின்னால் நிற்பவர்கள் செருமத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் தந்தி அடிக்கிற மோர்ஸ் கீயில் விரலை வைத்தால் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடும். அதனால் அவர் மைக்கைத் தொட்டதே இல்லை. எல்லாமே புள்ளியும் கோடும்தான்.

இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை அவர் கையாலேயே செய்தார். ராணுவம் கழித்துக்கட்டிய பழைய வால்வுகளை வைத்து, அச்சு அசலாக இரண்டு. ஒன்று அவருக்கு. மற்றது எங்கள் திருமணத்துக்கு அவர் கொடுத்த பரிசு. இரண்டிலும் ஒரே ஒரு படிகம்தான் இருக்கும். அதனால் ஒரே அலைவரிசையில்தான் அவை பேசும், எங்கள் ஊர் அமெச்சூர் வானொலிச் சங்கத்தின் அலைவரிசையில். இரண்டுக்கும் ஒரே குறையும் உண்டு. கீயை அழுத்தியதும் சத்தம் ஒரு நூல் கீழே தொடங்கி மேலே ஏறும், குருவி கீச்சிடுகிற மாதிரி. சரிசெய்யக் கூடாதா என்று கேட்டேன்.

"இ-இருக்கட்டும் மாப்ளே. அதுக்கும் கொஞ்சம் தி-திக்கட்டும்" என்றார்.

நல்ல நகைச்சுவை உள்ள மனிதர். அதை நான் எங்கும் மறுக்கவில்லை.

மோர்ஸ் அடிப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு. முகத்தைப் பார்க்காமலே, பெயரைக் கேட்காமலே, இது இன்னார் என்று சொல்லிவிடலாம். போர்க்காலத்தில் எதிரிக் கப்பல் எங்கே நகர்கிறது என்பதையே அதன் தந்திக்காரர் கையை வைத்துக் கண்டுபிடித்ததாகப் படித்திருக்கிறேன். மச்சானின் கை என்றால், ஒவ்வொரு சொல்லின் கடைசிக் கோட்டையும் சற்று இழுத்து விடுவார். கிளம்ப மனசில்லாத விருந்தாளி கதவைச் சாத்துகிற மாதிரி. எனக்கு யார் கையையும் அப்படியே அடித்துக் காட்ட வரும். சங்கத்து ஆண்டு விழாவில் அதுதான் என் நிகழ்ச்சி. "வாயில மிமிக்ரி பண்றவனைப் பாத்திருக்கேன், விரல்ல பண்றவரை இங்கதான் பாக்கறேன்" என்று எங்கள் பேக்கரிக்காரர் வருடம் தவறாமல் சொல்வார். எல்லோரும் வருடம் தவறாமல் சிரிப்பார்கள்.

சங்கக் கூடத்தில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. அதில் இருப்பது என் அழைப்புக் குறி.

பத்தொன்பது வருடத்துக்கு முன், தென்கடலில் ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு தீவுக்கு ஒரு குழு வானொலியோடு போய்ப் பத்து நாள் தங்கியது. இந்த நாட்டிலிருந்து யாராலும் அவர்களை வானொலியில் பிடிக்க முடியவில்லை. ஒன்பதாம் நாள் விடியலில் நான் அவர்களைக் கேட்டேன். என் குறியை அனுப்பினேன். பதிலில் என் குறியின் கடைசி இரண்டு எழுத்து வந்தது. அதற்குமேல் இரைச்சல் மூடிவிட்டது. வந்தது என் எழுத்துதான். நோட்டில் எழுதினேன்.

தொடர்பு நடந்ததற்குச் சாட்சியாக இரு தரப்பும் தபாலில் ஓர் அட்டை அனுப்பிக்கொள்வது இந்தத் துறையின் வழக்கம். நான் அனுப்பினேன். ஒரு வருடம் காத்திருந்தேன். அவர்களிடமிருந்து வரவில்லை. ஆயிரக்கணக்கான அட்டைகளுக்கு நடுவே ஒன்று விட்டுப்போவது சகஜம். அவர்கள் அனுப்ப மறந்ததை நானே அச்சடித்துக்கொண்டேன். அலுவலகத்தில் தொலைந்துபோன சான்றிதழுக்கு நகல் கொடுக்கிறோமே, அதைப் போலத்தான். சங்கத்தில் கைதட்டினார்கள். தகடு செய்தார்கள். புதிதாக வருகிறவர்கள் அதை விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு, நானும் சில நாள் போய்த் துடைப்பேன்.

இந்த வருடம் சங்கத்துக்கு ஐம்பது. பழைய அட்டைகளையெல்லாம் காட்சிக்கு வைக்கலாம் என்று முடிவு செய்து, அடுக்கும் பொறுப்பை மச்சானிடம் கொடுத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவியதும், துணிப்பையிலிருந்து அந்தத் தீவு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பக்கத்தில் சங்கத்தின் பழைய விழா அழைப்பிதழ். கடிகாரம் பார்க்கக் கண்ணில் செருகிக்கொள்கிற பூதக்கண்ணாடியை என் பக்கம் நகர்த்தினார்.

"மா-மாப்ளே, இந்த எழுத்தோட கால் உடைஞ்சிருக்கு பாருங்க. நம்ம அழைப்பிதழ்லயும் அதே இடத்துல உ-உடைஞ்சிருக்கு."

நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும், ஒரே அச்சகம்.

"யார்கிட்டயும் சொல்லல. தங்கச்சிகிட்டகூட. விழாவுல நீங்களே எந்திரிச்சுச் சொல்லிடுங்க. சி-சிரிச்சுட்டு விட்டுடுவாங்க."

"நான் சொல்லலைன்னா?"

"நான் அந்த அட்டையை வைக்க மாட்டேன். ஏன் வைக்கலன்னு கேப்பாங்க. எனக்குப் பொ-பொய் வராது மாப்ளே. உண்மையைச் சொல்லவே எனக்கு இவ்வளவு நேரம் ஆகுது."

சமையலறையிலிருந்து என் மனைவி, "என்னண்ணே, ரெண்டு பேரும் ரகசியம் பேசறீங்க?" என்று கேட்டாள். "ஒ-ஒண்ணுமில்லம்மா, மாப்பிள்ளைக்குக் கண்ணாடி காட்டறேன்" என்றார். அவளும் சிரித்தாள்.

எனக்குக் கோபம் வரவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். விழா அதற்கு அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை.

நடுவில் மழை வந்தது. அந்த மழையைப் பற்றி நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். ஞாயிறு மாலைக்குள் தொலைபேசி போயிற்று, மின்சாரம் போயிற்று, மலைச்சாலை இரண்டு இடத்தில் சரிந்தது. எங்கள் பெட்டிகள் பாட்டரியிலும் ஓடும், எங்களைப் போன்றவர்களுக்கு வேலை வருவது அப்போதுதான். காலை ஏழு மணிக்கு உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடுவோம், அதை நெட் என்போம். ஒருவர் கட்டுப்பாட்டு நிலையம். அவர் வரிசையாகக் கூப்பிடுவார், கூப்பிட்டவர் மட்டும் பேசுவார். நகரத்திலேயே உயரமான ஆண்டெனா என்னுடையது, அதனால் நான்தான் கட்டுப்பாடு. பேசுவதற்குப் புதிய பெட்டியும், பக்கத்தில் மச்சான் கொடுத்த பெட்டியும், நடுவில் ஆண்டெனாவை மாற்றுகிற ஒரு கைப்பிடியும் என் மேசையில் இருக்கும். நான் எழுதுகிற பட்டியலை மாவட்ட மருத்துவமனையில் இருக்கும் நர்ஸம்மா, அவரும் எங்கள் உறுப்பினர்தான், கேட்டு எழுதி, அங்கேயே முகாம் போட்டிருந்த மீட்புப் படை அதிகாரியிடம் கொடுப்பார். "நலம்" என்று பதில் சொன்னவருக்கு ஒரு டிக். டிக் இல்லாத இடத்துக்கு மட்டும் ஆள் போகும். அவர்களிடம் இருந்தது இரண்டே குழு. நல்ல ஏற்பாடு. அதை வகுத்ததும் நான்தான்.

திங்கட்கிழமை ஏழு மணிக்குத் தொடங்கினேன். பேக்கரிக்காரர் ஒரு பள்ளிக்கூட முகாமிலிருந்து வந்தார்.

"ரெஜிஸ்டர் சார், இன்னும் உயிரோடதான் இருக்கேன். டிக் மட்டும் போடுங்க, பழக்க தோஷத்துல சர்டிபிகேட் எழுதிடாதீங்க."

அவரிடம் ஒரு பிரச்சினை இருந்தது. முகாமில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டிருந்தது. குழந்தையின் கால் முதலில் வந்துகொண்டிருந்தது. மருத்துவமனையிலிருந்து டாக்டர் சொல்லச் சொல்ல நர்ஸம்மா சொல்ல வேண்டும், அது பேக்கரிக்காரருக்குச் சரியாகக் கேட்காததால் நான் வாங்கித் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில், 7.21-க்கு, வார்த்தைகளுக்கு நடுவே மெல்லிய கீச்சு கேட்டது. மச்சானின் கை. வழக்கத்தைவிட இறங்கியிருந்த சத்தம், வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது, என் ஆண்டெனாவின் உயரம் அப்படி.

"பின்சுவர் விழுந்தது. கால் கல்லுக்கு அடியில். எடுக்க முடியவில்லை. பாட்டரி குறைவு. உதவி."

ஒரு புள்ளி, ஒரு கோடு, மூன்று புள்ளி. "காத்திரு" என்பதற்கு அதுதான் சைகை. அதை அனுப்பினேன். பிரசவம் நடந்துகொண்டிருந்தது, எந்தக் கட்டுப்பாட்டாளரும் அதைத்தான் செய்திருப்பார். காத்திரு என்று வந்துவிட்டால் திரும்பக் கூப்பிடும்வரை கீயைத் தொடக்கூடாது. புதியவர்களுக்கு முதல் வகுப்பிலேயே அதைச் சொல்லித் தருபவர் மச்சான். "சரி" என்று ஓர் எழுத்து அனுப்பிவிட்டு அடங்கிவிட்டார்.

7.47-க்குக் குழந்தை பிறந்தது. பெண். நேரத்தைக் குறித்தேன். பேக்கரிக்காரர் அழுதுகொண்டே ஏதோ ஜோக் சொன்னார். இனி நான் மச்சானைக் கூப்பிட வேண்டும். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது என்ன நினைத்தேன் என்று கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

நர்ஸம்மா கேட்டார். "சார், மலை வீட்டுக்காரர் இன்னும் வரலையே. டிக் இல்லைன்னு எழுதிக் குடுத்துடட்டுமா? குழு தயாரா நிக்குது."

"கொஞ்சம் பொறுங்கம்மா. கூப்பிட்டுப் பாக்கறேன்" என்றேன்.

மச்சானின் அழைப்புக் குறியைச் சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிட்ட கையோடு கைப்பிடியைத் திருப்பி, திருமணப் பரிசை ஆண்டெனாவில் போட்டேன். வால்வு ஏற்கெனவே சூடாக இருந்தது. எப்போது அதைப் போட்டு வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. அவர் கையில் அடித்தேன். "மலை வீட்டில் நலம். உணவு இருக்கிறது. எதுவும் தேவையில்லை." கடைசிக் கோட்டை இழுத்து விட்டேன்.

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "என்னங்க, அண்ணன்தானே அது? அண்ணன் கைதானே?"

அவளுக்கு மோர்ஸ் படிக்கத் தெரியாது. சின்ன வயதிலிருந்து அந்தச் சத்தத்தோடு வளர்ந்தவள், சாயல் தெரியும்.

"ஆமா. நல்லா இருக்காராம்" என்றேன்.

"அப்பாடா" என்றாள். பாத்திரம் நகர்த்துகிற சத்தம் மறுபடி கேட்டது. அந்த நிம்மதியைக் கொடுத்தது நான் என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கைப்பிடியைத் திருப்பியதும் காதில் கீச்சு. பலம் குறைந்திருந்தது, கை தடுமாறவில்லை. "அது நான் இல்லை. அது நான் இல்லை." இரண்டு தடவை. 7.55. மறுபடியும் காத்திரு என்று அனுப்பினேன். "சரி" என்றார்.

ஏன் சரி என்றார் என்று நீங்கள் கேட்கிறீர்கள். வேறு யாரோ அவர் பெயரில் புகுந்து குழப்புகிறார்கள், கட்டுப்பாட்டில் இருக்கும் தங்கை புருஷன் அதைப் பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருக்கலாம். நானும் நேற்று வரை அப்படித்தான் நம்பியிருந்தேன். நீங்கள் அவருடைய நோட்டை எடுத்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. தரையில் கிடந்தபடி, பென்சிலால், கட்டத்துக்குள் கோணாமல் எழுதியிருக்கிறார். "7.53. என் கை. நான் செய்த இரண்டாவது பெட்டி." பக்கத்துக் கட்டத்தில் மதிப்பெண். தெளிவு ஐந்து, வலிமை ஒன்பது. முழு மதிப்பெண். அவர் லேசில் யாருக்கும் ஐந்து போடுகிறவர் இல்லை.

அன்று முழுவதும் எனக்கு வேலை இருந்தது. நாற்பத்து மூன்று செய்திகள் வாங்கிக் கொடுத்தேன். நோட்டைப் பாருங்கள், ஒரு பிழை இருக்காது. பதினொரு பேரைக் கூரையிலிருந்து இறக்கினார்கள் என் பட்டியலை வைத்து. இடையிடையே மச்சானைக் கூப்பிடலாம் என்று நினைப்பேன். அடுத்த செய்தி வந்துவிடும். அதோடு, ஒருமுறை நலம் என்று பட்டியலில் ஏறியவரை, நலமில்லை என்று மாற்றினால் அதிகாரி காரணம் கேட்பார். அலுவலகத்திலும் அப்படித்தான். ஒரு பதிவை ரத்து செய்வது புதிதாக எழுதுவதைவிடப் பத்து மடங்கு வேலை.

செவ்வாய்க்கிழமை ஏழு மணி. வரிசையில் மலை வீடு வந்ததும், 7.06-க்கு, அவர் கையில் நலம் சொன்னேன். நர்ஸம்மா குறுக்கிட்டார்.

"சார், ஒரு சந்தேகம். மலைக்காரர் சத்தம் எப்பவும் எனக்குப் பஞ்சு மாதிரி வரும். நேத்தும் இன்னிக்கும் ஆணி அடிக்கிற மாதிரி வருதே."

அதை நான் யோசிக்கவில்லை. உயரமான ஆண்டெனாவில் அதே பெட்டி. சத்தத்தைக் குறைக்க அதில் குமிழ் கிடையாது.

"மண்ணு ஈரமா இருக்கும்மா. ஈர மண்ணு நல்லாக் கடத்தும்" என்றேன்.

"அப்படியா சார்" என்றார். நம்பிய மாதிரிதான் இருந்தது. வளையம் போல ஓர் ஆண்டெனா செய்து வைத்திருக்கிறார் அவர். அதைத் திருப்பிக்கொண்டே வந்தால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். ஒளித்து வைத்த டிரான்ஸ்மிட்டரைத் தேடிப் பிடிக்கிற விளையாட்டு ஒன்று எங்களிடம் உண்டு, அதில் மூன்று வருடமாக அவருக்குத்தான் பரிசு. அன்று காலை அது அவரோடு மருத்துவமனை மாடியில் இருந்தது என்பதும், மலை வடக்கே இருக்க வளையம் கிழக்கைக் காட்டியது என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

அதே செவ்வாய், 7.09. எல்லோரும் ஒரு நொடி மௌனமாக இருந்தார்கள். அந்த மௌனத்தில் இரண்டு புள்ளி கேட்டது. டிட், டிட்.

உங்களுக்கு இதை விளக்க வேண்டும். மோர்ஸில் பேசி முடித்து, வணக்கம் சொல்லி, எல்லாம் ஆன பிறகு, கடைசியாக இருவரும் இரண்டு இரண்டு புள்ளி வைப்பார்கள். எந்தச் சட்டத்திலும் இல்லை, பழக்கம். வாசல்வரை வந்து வழியனுப்பி, தெருமுனை திரும்பும்போது ஒருமுறை கையைத் தூக்குகிறோமே, அது மாதிரி. ஒருவர் வைத்தால் மற்றவர் பதிலுக்கு வைக்காமல் விடமாட்டார். மிக மெல்லிய சத்தம். இரண்டாவது புள்ளி பாதியில் இறங்கிப் போயிற்று, பாட்டரி அப்படி. ஆனாலும் கீச்சு இருந்தது.

நான் பதிலுக்கு இரண்டு புள்ளி வைத்தேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறது. வைத்துவிட்டு, கை பழகிய வேகத்தில், நோட்டில் அவர் வரியில் முடிந்த நேரம் என்ற கட்டத்தில் 7.09 என்று எழுதினேன்.

புதன்கிழமை மழை இல்லை. ஏழு மணிக்கு அவருக்காக நலம் சொன்னேன். அன்று ஏன் சொன்னீர்கள், அதற்கு என்ன அவசியம் என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். வரிசையில் அவர் பெயர் இருந்தது. கூப்பிட்டால் யாராவது பதில் சொல்ல வேண்டும். கீயிலிருந்து கையை எடுத்துத் திரும்பினால் என் மனைவி கதவருகே நின்றாள், கையில் தேநீர்.

"அண்ணன் பேசறப்ப நீங்க எதுக்கு அடிக்கிறீங்க?" என்றாள்.

"சும்மா. அவர் கையைப் பழகிப் பாக்கறேன், விழாவுக்கு."

அவள் ஸ்பீக்கரைப் பார்த்தாள். என் விரலைப் பார்த்தாள். ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை.

"ஒருக்கா அண்ணனைத் திரும்பக் கூப்பிடுங்க. நான் கேக்கணும்."

"இப்ப கூப்பிடக் கூடாது. நெட் நடக்குது."

"நீங்க கைய மடியில வெச்சுக்கிட்டுக் கூப்பிடுங்க" என்றாள்.

நான் கூப்பிடவில்லை. அவள் தம்ளரை மேசையில் வைத்தாள், நோட்டின்மேல் படாமல் தள்ளித்தான் வைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு மருத்துவமனைப் பக்கம் நடந்து போனாள். அதற்குப் பிறகு என்னோடு அவள் பேசவில்லை. நேற்று நீங்கள் எங்களை நேருக்கு நேர் உட்கார வைத்தபோதும் பேசவில்லை, கவனித்திருப்பீர்கள்.

நர்ஸம்மா அன்று காலை வேறொரு மாடியில் ஏறி வளையத்தைத் திருப்பிப் பார்த்து, வரைபடத்தில் இரண்டாவது திசைக் கோட்டைப் போட்டிருந்தார். இரண்டு கோடும் வெட்டிக்கொண்ட இடம் எங்கள் தெரு. என் மனைவி போய்ச் சேர்ந்தபோது அவர் வரைபடத்தோடு அதிகாரியின் முன்னால் நின்றிருந்தாராம். மதியம் குழு மலைக்குப் போயிற்று. கல்லைப் புரட்ட நாலு பேருக்கு இருபது நிமிடம் ஆனதாம். திங்கட்கிழமையே போயிருந்தால் காலோடு போயிருக்கும், ஆள் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். காதில் ஹெட்போன் மாட்டியபடியே இருந்தாராம். அதைக் கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசிவரை ஒழுங்கு தவறாத ஆபரேட்டர்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். அவருடைய அழைப்பைக் கேட்டேன். காத்திரு என்றேன். அவர் கையில் மூன்று நாள் நலம் சொன்னேன். அதனால் யாரும் போகவில்லை. அதனால் அவர் இறந்தார். தட்டச்சில் இதை அப்படியே அடித்துக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விழா நடக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். தகட்டை யாரும் கழற்றவில்லை என்றால், அதை உலர்ந்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள். புளி போட்டால் எழுத்து மங்கிவிடும்.

ஒரே ஒரு திருத்தம் இருக்கிறது. உங்கள் அறிக்கையில் இறந்த நேரம் செவ்வாய் மாலை என்று போட்டிருக்கிறீர்கள். டாக்டர் அப்படிச் சொல்கிறார். அவருடைய நோட்டில் 7.09-க்குக் கீழே இன்னொரு வரி இருப்பதையும் காட்டினீர்கள். "11.30. மழை விட்டது. வெயில். காத்திருக்கிறேன்." எழுத்து அவருடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் சுவர் விழுந்த வீடு, கடிகாரத்தில் தண்ணீர் போயிருக்கலாம், தேதி குழம்பியிருக்கலாம். இரண்டு புள்ளி வைத்தார், நான் பதில் வைத்தேன், தொடர்பு முடிந்தது. அதற்குப் பிறகு அவர் இருந்திருக்க முடியாது. இருந்திருந்தால் நான் கூப்பிட்டிருப்பேன். என் நோட்டில் 7.09 என்று இருக்கிறது. அதையே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. இத்தனை வருடத்தில் நடக்காத ஒன்றை நான் எழுதியதே இல்லை.